கிடங்கு பிறருடையது, கணக்கு நம்முடையது

(இளங்கலை வணிகவியல், மூன்றாம் ஆண்டு)

விளைந்த நெல்லைக் குதிரில் கொட்டி வைத்த நாளிலேயே மனிதன் கிடங்கின் பயனை உணர்ந்துவிட்டான். விளைவது ஒரு பருவம்; உண்பதோ ஆண்டு முழுவதும். இந்த இடைவெளியை நிரப்புவதே கிடங்கின் தொழில். பண்டகக் காப்பு காலப் பயன்பாட்டை உண்டாக்குகிறது என்றும், போக்குவரத்து இடப் பயன்பாட்டை உண்டாக்குகிறது என்றும் முதலாண்டு வகுப்பில் நாம் அனைவரும் எழுதி மதிப்பெண் பெற்றிருக்கிறோம். அந்த இரண்டு வரிகளின் பொருள் எனக்கு விளங்கியது வகுப்பறையில் அன்று. எங்கள் வீட்டுக் கூடத்தில்.

முடிச்சூரில் என் தாயார் இரண்டு தையல் இயந்திரங்களை வைத்துப் பருத்தி நைட்டிகள் தைத்து இணையவழி விற்று வருகிறார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வீட்டினுள் முழங்காலளவு நீர் புகுந்தது. கட்டில்மீது ஏற்றிய கட்டுகள் தப்பின. தரையில் இருந்த 140 நைட்டிகள் சேற்று நீரில் ஊறிப் பயனற்றுப் போயின. ‘இனி வீட்டில் சரக்கு வைப்பதில்லை’ என்று தாயார் முடிவு செய்தார். 2024 சூனில் எங்கள் சரக்கு வெளியார் கிடங்கு ஒன்றுக்குச் சென்றது. அதனால் பெற்ற நன்மையையும் பட்ட தொல்லையையும், அவற்றின்வழி நான் படித்தறிந்தவற்றையும் நண்பர்கள்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய பண்டசாலை

பிறர் சரக்கைப் பாதுகாத்து அனுப்பும் தொழில் தமிழர்க்குப் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டசாலையை விரிவாகக் காட்டுகிறது. கடலிலிருந்து கரைக்கு வந்தவையும், கரையிலிருந்து கடலுக்குச் செல்ல வேண்டியவையுமான மூட்டைகள் அங்கே மலைபோல் குவிந்திருந்தன. சோழனின் புலிப் பொறி அவற்றின்மீது இடப்பட்டது. சுங்கம் கொள்வோர் காவல் புரிந்தனர். சரக்குக்கு ஓர் இடம், அதன்மேல் ஓர் அடையாளம், அதற்குப் பொறுப்பாக ஓர் ஆள் ஆகிய மூன்றும் அன்றே இருந்தன. இன்று புலிப் பொறிக்குப் பதிலாகக் கறுப்புக் கோடுகள் கொண்ட பார்கோடு ஒட்டப்படுகிறது, அவ்வளவே வேறுபாடு.

நாம் பேச்சில் வழங்கும் ‘குடோன்’ என்னும் சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. அது மலாய் மொழியின் ‘குடங்’ என்னும் சொல் வழியாக ஆங்கிலத்திற்குச் சென்றதென்பர். அந்த மலாய்ச் சொல்லுக்கே தமிழின் ‘கிடங்கு’, தெலுங்கின் ‘கிட்டங்கி’ ஆகியவற்றோடு உறவு இருக்கலாம் என்று அகராதி ஆசிரியர் சிலர் கருதுவர்.

விடுதலைக்குப் பின் அரசும் இத்துறையில் இறங்கியது. மத்தியப் பண்டகக் காப்பு நிறுவனம் 1957லும், நம் மாநிலத்தின் பண்டகக் காப்பு நிறுவனம் 1958லும் தோன்றின. உழவர் நெல்லையோ மிளகாயையோ அங்கே வைத்து ரசீது பெற்று, அந்த ரசீதைக் காட்டி வங்கியில் கடன் வாங்கலாம். இங்கே நாம் குறித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வங்கி மேலாளர் நெல்லைப் பார்த்துப் பணம் தருவதில்லை. ரசீதைப் பார்த்தே தருகிறார். கிடங்கின் உயிர் அதன் ரசீதில் இருக்கிறது.

இணைய வணிகம் வந்த பின்

பெங்களூரில் 2007ஆம் ஆண்டு பிளிப்கார்ட் நிறுவனம் புத்தகம் விற்கத் தொடங்கியது. 2013 சூனில் அமேசான் இந்தியாவில் தன் விற்பனைத் தளத்தைத் திறந்தது. பிற வணிகரின் சரக்கைத் தன் கிடங்கில் வைத்து, ஆர்டர் வந்தவுடன் தானே கட்டி அனுப்பும் சேவையை அந்நிறுவனம் அமெரிக்காவில் 2006லேயே தொடங்கியிருந்தது. அதே முறை இங்கும் வந்தது.

இம்முறை இந்தியாவில் வேரூன்றியதற்கு நம் சட்டமும் ஒரு காரணமாகும். வெளிநாட்டு முதலீடு கொண்ட இணையச் சந்தைகள், தாமே சரக்கை வாங்கி இருப்பு வைத்து நுகர்வோருக்கு விற்க அனுமதி இல்லை. விற்பவரையும் வாங்குபவரையும் இணைக்கும் சந்தையாக இருக்கலாம். விற்பவருக்குக் கிடங்கு, போக்குவரத்து, பணவசூல் முதலிய உதவிகளைச் செய்யலாம். மத்திய அரசு 2016 மார்ச்சில் வெளியிட்ட குறிப்பு இதைத் தெளிவாக்கியது. ஆகவே பெரிய கிடங்குகளில் நாம் காணும் சரக்கில் பெரும்பகுதி கிடங்குக்காரருடையது அன்று; ஊர்தோறும் உள்ள விற்பனையாளர்களுடையது. ‘கிடங்கில் இருக்கிறது’ என்பதால் ‘கிடங்குக்காரரின் கவலை’ என்று எண்ணிவிடக் கூடாது.

ஒரு சிறு விற்பனையாளர்முன் இன்று மூன்று வழிகள் உள்ளன. வீட்டிலேயே வைத்து, தாமே கட்டி, அஞ்சலிலோ கூரியரிலோ அனுப்புவது முதல் வழி. சந்தை நிறுவனத்தின் கிடங்கிலேயே வைப்பது இரண்டாம் வழி. எந்தச் சந்தையையும் சேராத தனிக் கிடங்கு நிறுவனத்திடம் ஒப்படைத்து, பல சந்தைகளில் வரும் ஆர்டர்களையும் அவர்கள் வழியாகவே அனுப்புவது மூன்றாம் வழி. இந்த மூன்றாவதைத் தொழில் வட்டாரத்தில் ‘த்ரீ பி.எல்.’ என்று சுருக்கமாகச் சொல்கின்றனர். நாங்கள் சென்றது இவ்வழியே.

தாம்பரத்தைச் சுற்றி ஏன்?

நம் பகுதியின் சாலைகளைப் பார்த்தாலே விடை கிடைக்கும். தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலை தாம்பரத்தின் நடுவே ஓடுகிறது. பெருங்களத்தூர் அருகே தொடங்கும் சென்னைப் புறவழிச்சாலை மதுரவாயல் வழியாகப் புழல் வரை 32 கிலோமீட்டர் செல்கிறது. வண்டலூரில் தொடங்கி மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் நீளமுள்ள வெளிவட்டச் சாலை, நகருக்குள் நுழையாமலே வடக்கு நோக்கிச் செல்ல வழி செய்கிறது. வண்டலூரிலிருந்து மேற்கே படப்பை, ஒரகடம் வழியாக வாலாஜாபாத்துக்குச் சாலை உண்டு. மீனம்பாக்கம் விமான நிலையமும் தொலைவில் இல்லை. ஒருபுறம் ஒரகடம், திருப்பெரும்புதூர்த் தொழிற்பேட்டைகள். மறுபுறம் வேளச்சேரி, மேடவாக்கம் எனப் பெருகிவிட்ட குடியிருப்புகள். சரக்கு வரும் இடத்திற்கும் சேரும் இடத்திற்கும் நடுவில் நாம் இருக்கிறோம். ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானதே இப்பகுதியின் வளர்ச்சிக்குச் சான்று.

ஆனால் இதே நிலத்திற்கு ஒரு குறையும் உண்டு. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பினால் அந்த நீர் அடையாற்றில் இறங்கி, வரதராஜபுரம், முடிச்சூர் வழியே பாய்கிறது. 2015 டிசம்பரில் இப்பகுதிகள் மூழ்கியதையும், 2023இல் மீண்டும் நீர் சூழ்ந்ததையும் நாம் மறந்துவிட முடியாது. ஆகவே கிடங்கு பார்க்கப் போகிறவர் வாடகையைக் கேட்கும் முன், அவ்விரண்டு ஆண்டுகளிலும் நீர் எதுவரை வந்தது என்று பக்கத்துத் தேநீர்க் கடையில் கேட்பது நல்லது. நாங்கள் கேட்டோம். தரை சாலையைவிட நான்கு அடி உயரத்தில் இருந்த கட்டடத்தையே தேர்ந்தெடுத்தோம்.

கிடங்கினுள் நடப்பது என்ன?

நான் ஒரு நாள் முழுவதும் அங்கே இருந்து பார்த்தேன். முதலில் சரக்கு இறங்குகிறது. கட்டுகளைப் பிரித்து எண்ணி, ஒவ்வொன்றின்மேலும் உள்ள பார்கோடைக் கையடக்கக் கருவியால் ஸ்கேன் செய்கின்றனர். பிறகு இரும்பு அடுக்குகளில் எண்ணிட்ட அறைகளில் வைக்கின்றனர். ஒரே வகைச் சரக்கு ஒரே இடத்தில் இருக்க வேண்டியதில்லை. எந்த அறையில் என்ன இருக்கிறது என்பதைக் கணினி நினைவில் வைத்துக்கொள்கிறது.

ஆர்டர் வந்ததும் பணியாளரின் கருவியில் அறை எண் தெரிகிறது. அவர் சென்று எடுக்கிறார். மற்றொருவர் உறையிலிட்டு முகவரிச் சீட்டை ஒட்டுகிறார். மாலையில் கூரியர் வண்டி வருகிறது. எத்தனை பார்சல்கள் ஏற்றப்பட்டன என்னும் பட்டியலில் இருதரப்பும் கையெழுத்திடுகின்றனர். அங்கிருந்து அவை பின்கோடு வாரியாகப் பிரியும். 1972 ஆகஸ்டு 15இல் அஞ்சல்துறை கொண்டுவந்த அந்த ஆறு இலக்க எண்ணைத்தான் இன்றைய தனியார் கூரியர்களும் நம்பியிருக்கின்றன. 600045 என்று எழுதினால், 600 என்பது சென்னைப் பிரிப்பு வட்டத்தையும், 045 என்பது தாம்பரம் அஞ்சலகத்தையும் காட்டிவிடுகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பணியாளர் துணியைப் பார்ப்பதில்லை, கோட்டையே பார்க்கிறார். ஒருமுறை நானே ‘எல்’ அளவு நைட்டிக் கட்டு ஒன்றில் ‘எக்ஸ்.எல்.’ சீட்டுகளை ஒட்டிவிட்டேன். வீட்டிலிருந்து அனுப்பியிருந்தால் மடிக்கும்போதே தாயார் கண்டுபிடித்திருப்பார். கிடங்கில் அவை அப்படியே சென்றன. பதினொரு நைட்டிகள் திரும்பி வந்த பிறகே பிழை தெரிந்தது. கையால் செய்யும் வேலையில் கடைசிவரை திருத்த வாய்ப்பு உண்டு. கிடங்கு முறையில் சரக்கு வீட்டைவிட்டுப் புறப்படும் முன்பே எல்லாம் சரியாக இருக்க வேண்டும்.

செலவுக் கணக்கு

வெளியார் கிடங்கில் பொதுவாக மூன்று கட்டணங்கள் உண்டு: வைத்திருப்பதற்கான மாதக் கட்டணம், எடுத்துக் கட்டுவதற்கான கட்டணம், அனுப்பும் கட்டணம். கூரியர்க் கட்டணம் எவ்வழியிலும் உண்டு என்பதால் அதை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் ஒப்பிடுவோம்.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். தனி அறை வாடகை மாதம் ரூ. 6,000, பகுதிநேர உதவியாளர் சம்பளம் ரூ. 8,000, ஆக நிலையான செலவு ரூ. 14,000. வெளியார் கிடங்கில் ஒரு நைட்டிக்கு மாதம் ரூ. 3, ஓர் ஆர்டரைக் கட்ட ரூ. 18. இருப்பு எப்போதும் 600 என்க. மாதம் 300 ஆர்டர் வந்தால் கிடங்குச் செலவு 1,800 + 5,400 = ரூ. 7,200, சொந்த ஏற்பாட்டில் பாதியளவே. 1,000 ஆர்டர் வந்தாலோ 1,800 + 18,000 = ரூ. 19,800, சொந்த ஏற்பாட்டைவிட ரூ. 5,800 அதிகம். ஏறத்தாழ 678 ஆர்டரில் இரண்டும் சமமாகின்றன. நம் பாடநூலின் சமநிலைப் புள்ளி இதுதான். ‘பெரிய வியாபாரிக்குத்தான் வெளியார் கிடங்கு’ என்று பலரும் எண்ணுகின்றனர். இக்கணக்கின்படி சிறியவர்க்கும், தீபாவளிக்கு ஏறி ஆடியில் இறங்கும் வியாபாரத்திற்கும் அது பொருந்துகிறது. வேலை இல்லாத மாதத்தில் அறை வாடகை நம்மை விடாது. ஆர்டர் கட்டணமோ ஆர்டர் வந்தால்தான் உண்டு.

அனுப்பும் கட்டணத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. கூரியர்காரர் நிறையை மட்டும் பார்ப்பதில்லை. பார்சல் அடைக்கும் இடத்தையும் பார்க்கிறார். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பது பரவலாக உள்ள முறை. எங்கள் நைட்டியின் உண்மை நிறை 350 கிராம். 30, 25, 4 என்ற அளவில் மடித்தால் 3,000ஐ 5,000ஆல் வகுக்க 600 கிராம் ஆகிறது. அரைக்கிலோப் படியைத் தாண்டுவதால் ஒரு கிலோவுக்குக் கட்டணம். அதையே அழுத்தி உயரத்தை மூன்று சென்டிமீட்டராக்கினால் 450 கிராம். அரைக்கிலோக் கட்டணமே போதும். ஒரு விரல் தடிமனில் இலாபமும் நட்டமும் அடங்கியிருக்கின்றன.

திரும்பி வரும் சரக்கையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பொருள் கையில் கிடைத்த பின் பணம் என்னும் முறையில், வாங்குபவர் வீட்டில் இல்லாவிட்டாலோ வேண்டாம் என்றாலோ பார்சல் திரும்பிவிடும். போன செலவும் வந்த செலவும் பெரும்பாலும் விற்பவர் தலையில்தான் விழும். திரும்பிய ஒவ்வொன்றையும் யாராவது பிரித்துப் பார்த்து, ‘மீண்டும் விற்கலாம்’ என்றோ ‘பழுது’ என்றோ தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானம் இப்போது நம் கையில் இல்லை. கிடங்குப் பணியாளர் கையில் இருக்கிறது.

சட்டம் சொல்வது

ஒருவர் தம் பொருளை ஒரு நோக்கத்திற்காக மற்றவரிடம் கொடுத்து, நோக்கம் முடிந்ததும் திரும்பப் பெறவோ தாம் சொன்னபடி அனுப்பச் செய்யவோ உடன்படுவதை இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 148ஆம் பிரிவு விளக்குகிறது. கிடங்கில் வைப்பதும் இவ்வகையே. சாதாரண அறிவுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளை எவ்வளவு கவனத்துடன் காப்பாரோ, அவ்வளவு கவனம் கிடங்குக்காரர் காட்ட வேண்டும் என்கிறது 151ஆம் பிரிவு. அவ்வளவு கவனம் காட்டிய பிறகும் இழப்பு நேர்ந்தால், தனி உடன்பாடு இல்லாதவரை அவர் பொறுப்பாகார் என்கிறது 152ஆம் பிரிவு. வெள்ளத்தால் வரும் இழப்பு பெரும்பாலும் உடைமையாளரையே சேரும் என்பது இதனால் பெறப்படும். கிடங்குக்காரர் எடுத்துள்ள காப்பீடு கட்டடத்திற்கு மட்டுமா, உள்ளிருக்கும் பிறர் சரக்குக்கும் சேர்த்தா, அதில் வெள்ளம் அடங்குமா என்று எழுத்தில் கேட்டறிய வேண்டும்.

வரி விதிகளும் உண்டு. ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர் தம் சரக்கு இருக்கும் கிடங்கைக் கூடுதல் வணிக இடமாகப் பதிவில் சேர்க்க வேண்டும். வேறு மாநிலக் கிடங்கில் வைத்தால் அம்மாநிலத்தில் தனிப் பதிவு தேவை. இது வெறும் சடங்கன்று. ஜி.எஸ்.டி. வருவதற்கு முன், 2014இல், கர்நாடக வணிகவரித் துறைக்கும் அமேசானுக்கும் இடையே இத்தகைய பிணக்கு எழுந்தது. கிடங்கில் உள்ள பிறர் சரக்குக்கு வரிப்பொறுப்பு யாருடையது என்பதே கேள்வி. இடையில் அகப்பட்டுத் தவித்தவர்கள் சிறு விற்பனையாளர்களே.

விற்பனையின்றிச் சரக்கை நம் வீட்டிலிருந்து நம் பெயரிலேயே பதிவான கிடங்குக்கு மாற்றும்போது டெலிவரி சலான் எழுத வேண்டும். அது மூன்று படிகள் கொண்டது. பெறுபவருக்கு ஒன்று, வண்டிக்காரருக்கு ஒன்று, அனுப்புபவருக்கு ஒன்று. இந்த மூன்றாம் படியின் அருமையை நாங்கள் பிறகுதான் உணர்ந்தோம்.

இருபத்து நான்கு நைட்டிகள்

2025 சனவரியில் பொங்கலுக்கு முன் கணக்குப் பார்க்க உட்கார்ந்தோம். அதுவரை நாங்கள் அனுப்பியவை 1,260. கிடங்கிலிருந்து வாடிக்கையாளருக்குச் சென்றவை 1,084. திரும்பி வந்தவை 152; அவற்றில் 131 மீண்டும் இருப்பில் சேர்ந்தன, 21 பழுது என்று ஒதுக்கப்பட்டன. ஆகவே விற்கத்தக்க இருப்பு 1,260இல் 1,084 போக 176. அத்துடன் 131 சேர்த்து 307 இருக்க வேண்டும். கிடங்கின் கணினி காட்டியது 283. இருபத்து நான்கு குறைவு. ஒன்றின் அடக்கவிலை ரூ. 210 வீதம் ரூ. 5,040.

தாயாருடன் நேரில் சென்றேன். மேற்பார்வையாளர் மரியாதையாகவே பேசினார். “கம்ப்யூட்டர்ல என்ன இருக்கோ அதுதாம்மா கணக்கு. நீங்க இறக்கின அன்னிக்கு எண்ணிக் கையெழுத்து வாங்கினீங்களா?” என்று கேட்டார். வாங்கவில்லை. முதல் மூன்று முறையும் சலானில் ‘கட்டுகள் பெறப்பட்டன’ என்று மட்டுமே கையெழுத்து இருந்தது. கட்டுக்குள் எத்தனை என்று இல்லை. அவர்கள் எண்ணியது மூன்று நாள் கழித்து. குறைவு எங்கள் வீட்டில் நேர்ந்ததா, வண்டியில் நேர்ந்ததா, அடுக்கில் நேர்ந்ததா, எங்கும் நேராமல் யாரோ ஒருவர் ஸ்கேன் செய்ய மறந்ததா என்று எவராலும் சொல்ல இயலவில்லை. எவர்மீதும் குற்றம் சொல்ல எங்களிடம் ஆதாரம் இல்லை. பேருந்தில் திரும்பும்போது தாயார் ஒன்றே சொன்னார்: “வெள்ளம் கொண்டுபோனது எத்தனைன்னாவது தெரிஞ்சுதே.”

அச்சொல் என்னைச் சுட்டது. கணக்கு எழுதும் பொறுப்பு என்னுடையது. வணிகவியல் படிக்கும் மகன் இருந்தும் அந்த வீட்டில் இருப்புப் பேரேடு இல்லை. கிடங்கின் கணினி எல்லாவற்றையும் எழுதும்போது நாம் ஏன் எழுத வேண்டும் என்று நான் இருந்துவிட்டேன்.

கிடங்கை நாங்கள் விடவில்லை, முறையை மாற்றினோம். ஒவ்வொரு கட்டிலும் இருபது நைட்டிகள் என்று நிலையாக்கினோம். இறக்கும்போது நான் உடனிருந்து, எண்ணிக்கையும் அளவும் எழுதிய சலானில் கையெழுத்தும் முத்திரையும் பெறுகிறேன். ஞாயிறுதோறும் அனுப்பியது, திரும்பியது, பழுது, மீதி என்னும் நான்கு பத்திகளை நோட்டில் எழுதி, கிடங்கு அறிக்கையோடு ஒப்பிடுகிறேன். பழுது என்று ஒதுக்கியவற்றை மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரவழைத்துப் பார்க்கிறோம். அவற்றில் பாதிக்குமேல் ஒரு துவைப்பில் சரியாகின்றன. எல்லாச் சரக்கையும் ஓரிடத்தில் வைக்காமல் மூன்றில் ஒரு பங்கை வீட்டுப் பரணில், வெள்ளம் எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறோம். இவ்வளவுக்கும் ஆகும் நேரம் வாரத்திற்கு ஒரு மணி. இம்முறை வந்தபின் நடந்த இரண்டு கணக்கெடுப்புகளில் ஒருமுறை இரண்டு நைட்டிகள் குறைந்தன. ஆதாரம் இருந்ததால் கிடங்கு நிறுவனம் பேச்சின்றி ஈடு கொடுத்தது. மறுமுறை குறைவே இல்லை.

முடிவாக

வெளியார் கிடங்கு ஒரு நல்ல ஏற்பாடு என்பதில் எனக்கு ஐயமில்லை. அதனால் எங்கள் கூடம் மீண்டும் கூடமாயிற்று. இரவு பதினொரு மணிவரை பார்சல் கட்டிய தாயார் இப்போது அந்த நேரத்தில் புதிய மாதிரிகளை வெட்டுகிறார். முடிச்சூரில் தைத்தது வெளிமாநிலங்களுக்கும் செல்கிறது. தனி ஒரு பெண்மணிக்குத் தனிக் கிடங்கும் தனி வண்டியும் எட்டாத பொருள்கள். பலர் பகிர்ந்துகொள்வதால் அவை எட்டுகின்றன.

நண்பர்களே! நம்மில் பலருடைய வீடுகளில் இன்று ஊறுகாயோ துணியோ கைவினைப் பொருளோ இணையவழி விற்கப்படுகிறது. நம்மில் சிலர் பண்டிகைக் காலத்தில் இத்தகைய கிடங்குகளுக்கு இரவுப்பணிக்குச் சென்று வருகின்றனர். இரு தரப்பாருக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றே. இடத்தை ஒப்படைக்கலாம், உழைப்பை ஒப்படைக்கலாம், வண்டியையும் வழியையும் ஒப்படைக்கலாம். எண்ணிக்கையை மட்டும் நம் கையில் வைத்திருக்க வேண்டும். பேராசிரியர்கள் கரும்பலகையில் வரைந்து காட்டிய இருப்புப் பேரேட்டின் நான்கு பத்திகளைத் தேர்வு முடிந்ததும் மறந்துவிடாமல் வீட்டு நோட்டில் ஒருமுறை வரைந்து பாருங்கள். எங்களுக்கு அந்தப் பாடத்தின் கட்டணம் ரூ. 5,040. உங்களுக்கு அது இலவசமாகவே கிடைக்கட்டும்!